‘டெரியர்’ என்றாலே ஆபத்தா? சுங்குவார்சத்திரம் பக்கம் நாய் வளர்க்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

3 கிலோ எடை. கைப்பைக்குள் உட்கார்ந்துவிடும் உருவம். கண்ணை மறைக்கும் பட்டு முடி. யார்க்‌ஷயர் டெரியர் என்ற இந்தக் குட்டி நாயைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் 2024 மார்ச்சில் இதை வளர்ப்பவர்களுக்கே ஒரு பயம் வந்தது. ‘நம்ம நாயையும் தடை பண்ணிட்டாங்களா?’ என்பதுதான் அந்தப் பயம்.

காரணம், மத்திய அரசு வெளியிட்ட 23 வகை நாய்களின் பட்டியல். அதில் பிட்புல், ராட்வைலர் பெயர்களோடு ‘டெரியர்கள்’ என்று பொதுவாக ஒரு வார்த்தையும் இருந்தது.

அந்தப் பட்டியல் என்ன ஆனது? சின்ன டெரியர் வளர்க்கலாமா, கூடாதா? வாடகை வீட்டிலும் அபார்ட்மென்ட்டிலும் நாய் வைத்திருக்க சட்டம் என்ன சொல்கிறது? சென்னை மாநகராட்சியின் புது விதிகள் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளுக்குப் பொருந்துமா? நைட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் தெருநாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் இந்தப் பகுதியில் இந்தக் கேள்வி?

சுங்குவார்சத்திரம், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே இருக்கும் ஊர். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்கிப் போகும் இடம்தான் சத்திரம்.

இன்றும் இது வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் ஊர்தான். சாம்சங் ஆலையும் ஃபாக்ஸ்கான் ஆலையும் இங்கே இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் வாகன ஆலைகள், வல்லம் வடகாலில் சிப்காட் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். 2024 செப்டம்பர் 9-ல் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த சாம்சங் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் நாடு முழுக்கத் தெரிந்த ஊர் இது.

இங்கே மூன்று விதமான ஆட்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள். முதலாவது, தலைமுறையாக இருக்கும் ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலில் நாய் இருப்பது புதுசு இல்லை. இரண்டாவது, அபார்ட்மென்ட்டில் குடியேறிய எஞ்சினியர்கள், மேலாளர்கள், கொரியா, ஜப்பான், தைவானில் இருந்து வந்த குடும்பங்கள். ‘பெட் ஃப்ரெண்ட்லி’ வீடு தேடுவது பெரும்பாலும் இவர்கள்தான். மூன்றாவது, ஹாஸ்டலிலும் பகிர்ந்துகொண்ட அறையிலும் தங்கி, ஷிப்ட் பஸ் ஏறிப் போகும் தொழிலாளர்கள்.

மூன்றாவது பிரிவினர் நாய் வளர்க்கவே முடியாது. ஆனால் தினமும் நாய்களோடு அதிகம் மோத வேண்டியிருப்பது அவர்களுக்குத்தான். அதனால் ‘நாய்க்கு உகந்த ஊர்’ என்று பேசும்போது இந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

முதலில், டெரியர் என்றால் என்ன?

‘டெரா’ என்றால் லத்தீன் மொழியில் மண். மண்ணுக்குள் வளை தோண்டி இருக்கும் எலி, நரி போன்றவற்றை விரட்டிப் பிடிக்க வளர்க்கப்பட்ட நாய்களுக்குத்தான் டெரியர் என்று பெயர் வந்தது. டெரியர் என்பது ஒரு இனம் இல்லை. பல இனங்கள் அடங்கிய ஒரு குடும்பம்.

இந்தக் குடும்பத்தில் 3 கிலோ யார்க்‌ஷயர் டெரியரும் உண்டு. 5 முதல் 6 கிலோ வரை இருக்கும் ஜாக் ரஸ்ஸல் டெரியரும் உண்டு. நாய்ச் சண்டைக்காக புல்டாக்கோடு கலந்து உருவாக்கப்பட்ட பிட்புல் டெரியரும் உண்டு. பெயரில் டெரியர் இருக்கிறது என்பதைத் தவிர யார்க்‌ஷயருக்கும் பிட்புல்லுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது.

யார்க்‌ஷயர் டெரியரின் கதையைக் கேட்டால், சுங்குவார்சத்திரம்காரர்களுக்கு ரொம்ப பழகின கதை மாதிரி இருக்கும்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் பஞ்சாலைகள், கம்பளி ஆலைகள் பெருகின. ஸ்காட்லாந்தில் இருந்து நெசவாளர்கள் வேலை தேடி யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். வரும்போது தங்கள் குட்டி டெரியர்களையும் கூட்டி வந்தார்கள். ஆலையில் எலித் தொல்லை அதிகம். அந்த எலிகளைப் பிடித்தவை இந்த நாய்கள். அங்கே இருந்த உள்ளூர் நாய்களோடு கலந்து உருவானதுதான் யார்க்‌ஷயர் டெரியர். ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரத்தில் 1865-ல் பிறந்த ‘ஹடர்ஸ்ஃபீல்டு பென்’ என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூல நாயாகச் சொல்கிறார்கள்.

அதாவது, இன்று பணக்கார வீட்டு சோபாவில் ரிப்பன் கட்டி உட்கார்ந்திருக்கும் நாய், ஒரு காலத்தில் வெளியூரில் இருந்து வேலைக்கு வந்த ஆலைத் தொழிலாளியின் நாய். அன்றைக்கு அந்தத் தொழிலாளி குடும்பத்தோடு ஒரு வீட்டில் இருந்தார், அதனால் நாயும் இருந்தது. இன்று இங்கே வேலைக்கு வருபவருக்கு ஹாஸ்டலில் ஒரு கட்டில்தான் கிடைக்கிறது.

ஜாக் ரஸ்ஸல் கதை வேறு. இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைப் பிரியர். 1819-ல் ஒரு பால்காரரிடம் இருந்து ‘ட்ரம்ப்’ என்ற பெண் நாயை வாங்கினார். அதன் வழி வந்த நாய்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நரியைத் துரத்திக்கொண்டு குதிரைகளோடு நாள் முழுக்க ஓடுவதற்காக உருவாக்கப்பட்ட நாய் இது.

23 நாய்கள் பட்டியல் என்ன ஆனது?

2024 மார்ச் 12: மத்திய கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 23 வகை நாய்களையும் அவற்றின் கலப்பினங்களையும் இறக்குமதி செய்யவோ, விற்கவோ, இனப்பெருக்கம் செய்யவோ கூடாது. உரிமமும் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய வேண்டும் என்றது.

2024 ஏப்ரல்: கர்நாடக உயர் நீதிமன்றம் இந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சம்பந்தப்பட்ட யாரிடமும் கருத்துக் கேட்காமல் முடிவெடுத்தது தவறு என்பது முக்கியக் காரணம். அதன் பிறகு மத்திய அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது.

2024 மே: சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. தமிழகமே அதிர்ந்தது. அதை அடுத்து தமிழக கால்நடை பராமரிப்புத் துறையும் 23 வகை நாய்களுக்குத் தடை என்று அறிவித்து, உடனேயே திரும்பப் பெற்றது.

2024 செப்டம்பர்: தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை வெளியானது. இது ஆபத்தைப் பார்க்கவில்லை, தட்பவெப்பத்தைப் பார்த்தது. நம்ம ஊர் வெயிலுக்கு ஒத்துவராத சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், பிரெஞ்ச் புல்டாக் போன்ற வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்வதற்கு எதிரான கொள்கை அது.

2025 டிசம்பர்: சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனி புதிய உரிமம் கிடையாது என்று முடிவெடுத்தது. அதற்கு முன்பு ஆகஸ்ட்டில் ஜாஃபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்திருந்தார்.

இதில் யார்க்‌ஷயர் டெரியருக்கோ ஜாக் ரஸ்ஸலுக்கோ தடை எங்கேயும் இல்லை. ஆனால் ஒரு பட்டியலில் ஒரு வார்த்தையைக் கவனக்குறைவாகப் போட்டால் எவ்வளவு குழப்பம் வரும் என்பதற்கு ‘டெரியர்கள்’ நல்ல உதாரணம்.

‘சின்ன நாய், சின்ன வீட்டுக்குப் போதும்’ – இது சரியா?

நாய் வாங்கும்போது பெரும்பாலானோர் செய்யும் தவறு இங்கேதான் தொடங்குகிறது. வீடு சின்னது, அதனால் நாயும் சின்னதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது உருவத்தை இல்லை, அந்த நாய் எதற்காக உருவாக்கப்பட்டது என்பதை.

ஜாக் ரஸ்ஸலுக்குத் தினமும் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சும்மா இருக்காது. சோபாவைக் கிழிக்கும், செருப்பைக் கடிக்கும், தொட்டி மண்ணைத் தோண்டும், விடாமல் குரைக்கும். ‘அடங்காத நாய்’ என்று நாம் சொல்வோம். அது தன் பிறவி வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

யார்க்‌ஷயருக்கு அவ்வளவு ஓட்டம் தேவையில்லை. ஆனால் முடியை தினமும் சீவ வேண்டும், இல்லையென்றால் சிக்கு விழுந்து தோல் புண்ணாகும். பல் நோய், முழங்கால் சில்லு விலகுதல், மூச்சுக்குழாய் பலவீனம் ஆகியவை இந்த மாதிரி குட்டி இனங்களில் அதிகம். அதனால் கழுத்துப் பட்டையில் சங்கிலி கட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ் போடச் சொல்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். குட்டியாக இருக்கும்போது ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடக்கூடும்.

இதில் ஷிப்ட் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 8 மணி நேர வேலை, போக வர பஸ், கூடவே ஓவர்டைம். கணவன், மனைவி இருவருமே வேலைக்குப் போகும் வீடு என்றால் நாய் ஒரு நாளில் 10 மணி நேரத்துக்கு மேல் தனியாக இருக்கும். இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு என்று ஷிப்ட் மாறினால் அதன் சாப்பாட்டு நேரமும் வெளியே போகும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவராக இருந்தால், அந்தக் குரைப்பு சண்டையில்தான் முடியும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. மே மாதத்தில் மதியம் தார் ரோட்டிலோ கான்கிரீட் தரையிலோ நடக்கவிட்டால் பாதம் வெந்துவிடும். உங்கள் புறங்கையை 5 விநாடி ரோட்டில் வைக்க முடியவில்லை என்றால் நாயையும் நடக்கவிடாதீர்கள். விடியற்காலை, இல்லையென்றால் இருட்டிய பிறகு என்பதுதான் சரி. உண்ணி, அதனால் வரும் காய்ச்சல் இந்தப் பகுதியில் வருஷம் முழுக்கக் கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்க்கலாமா?

‘வெளிநாட்டு நாய் எதுக்கு, நம்ம ஊர் நாய் இருக்கே’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் மோடி ‘மன் கி பாத்’ நிகழ்ச்சியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் குறிப்பிட்டுப் பேசிய பிறகு இவற்றின் மவுசு கூடியது.

ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் தென் மாவட்டங்களின் கரிசல் பூமியில் முயல் விரட்டிய வேட்டை நாய்கள். ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பெயர் போனவை. வெயில் இவற்றுக்குப் பிரச்னை இல்லை, இரண்டு அறை வீடுதான் பிரச்னை. தோட்டமோ வயலோ வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு இவை பொருத்தம். மூன்றாவது மாடியில் இருப்பவர்களுக்கு இல்லை.

அபார்ட்மென்ட்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது தெருவில் பிறந்த நாட்டு நாய்க் குட்டி. நம்ம வெயில், நம்ம சாப்பாடு, நம்ம மண் எல்லாம் அதற்குப் பழக்கம். இனத் தூய்மைக்காக நெருங்கிய உறவுகளுக்குள் கலப்பு செய்யப்படாததால் பரம்பரை நோய்களும் குறைவு. காசு கொடுத்தும் வாங்க வேண்டியதில்லை. தடுப்பூசி, கருத்தடை, தினசரி நடை மட்டும் தவறக் கூடாது.

வாங்குவதாக இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

• நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான 2017 விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள்.

• 8 வார வயது நிறையாத குட்டியை விற்கக் கூடாது. ‘கையில் அடங்குது பாருங்க’ என்று 30 நாள் குட்டியைக் காட்டினால் வாங்காதீர்கள். தாய்ப்பால் மறக்காத குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி குறைவு. பார்வோ வைரஸ் தாக்கினால் சில நாள்களிலேயே இறந்துவிடும்.

• ‘டீகப்’, ‘மினி’ என்ற பெயரில் தனி இனம் எதுவும் கிடையாது. வழக்கத்தைவிடச் சின்னதாக இருக்கும் குட்டிக்குக் கூடுதல் விலை சொல்கிறார்கள். அந்தக் குட்டிக்கு நோயும் கூடுதல்.

• வீடியோ காலில் குட்டியைக் காட்டி முன்பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். தாய் நாயோடு நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாடகை வீடு, அபார்ட்மென்ட்: சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே இரண்டு தனித்தனி விஷயங்களைப் பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, அபார்ட்மென்ட் சங்கம். குடியிருப்போர் நாய் வளர்க்கவே கூடாது என்று சங்கம் தடை போட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பெரும்பான்மை ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானம் போட்டாலும் செல்லாது. நாயின் உருவத்தையோ இனத்தையோ காரணம் காட்டியும் தடுக்க முடியாது. செல்லப்பிராணிகளை மொத்தமாகத் தடை செய்யும் சங்க விதிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆனால் சங்கம் ஒழுங்கு விதிகளைக் கேட்கலாம். பொது இடத்தில் சங்கிலியோடு கூட்டிப் போவது, கழிவை எடுத்துச் சுத்தம் செய்வது, தடுப்பூசி போடுவது ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு.

இரண்டு, வீட்டு உரிமையாளர். இங்கே கதை வேறு. ‘நாய் வளர்ப்பவருக்குத்தான் வீடு கொடுக்க வேண்டும்’ என்று எந்தச் சட்டமும் உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் ‘செல்லப்பிராணி கூடாது’ என்று எழுதி நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு சண்டை போடுவது கஷ்டம். வீடு பார்க்கும்போதே சொல்லி, ‘வளர்க்கலாம்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குவதுதான் பாதுகாப்பு. வாய் வார்த்தையாக ‘பரவாயில்ல, வெச்சுக்கோங்க’ என்றதை நம்பி நாய் வாங்கி, 11 மாதம் கழித்து ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது சிக்கினால் தெருவுக்குப் போவது நாய்தான்.

இந்தப் பகுதியில் இது பெரிய விஷயம். வேலை மாறும், பிராஜெக்ட் முடியும், வெளிநாட்டுக் குடும்பம் ஊர் திரும்பும். ஒரு சின்ன டெரியர் 12 முதல் 15 வருடம் வாழும். ஒரு வேலை ஒப்பந்தம் அவ்வளவு காலம் நீடிப்பதில்லை. பழகிய நாயைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சென்னை விதிகள் இங்கே பொருந்துமா?

சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 இறுதியில் அறிவிக்கப்பட்டது. பொது இடத்தில் சங்கிலியும் வாய்க்கவசமும் கட்டாயம்.

சுங்குவார்சத்திரம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வராது. இது காஞ்சிபுரம் மாவட்டம். அதனால் சென்னையின் உரிமக் கட்டணமும் அபராதமும் இங்கே நேரடியாகப் பொருந்தாது. வீடு எந்த ஊராட்சி எல்லையில் வருகிறதோ அந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் உரிமம் கேட்கவில்லை என்பதால் பொறுப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. உங்கள் நாய் யாரையும் கடிக்காதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-ன் கீழ் 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இது நாடு முழுக்கப் பொருந்தும். பிட்புல்லுக்கும் இதுதான், 3 கிலோ யார்க்‌ஷயருக்கும் இதுதான். அதேபோல, நாயை விஷம் வைத்தோ அடித்தோ கொன்றால் பிரிவு 325-ன் கீழ் 5 வருடம் வரை சிறை.

ஹாஸ்டல் வாசலில் இருக்கும் நாய்கள்

வளர்ப்பு நாய் பற்றிப் பேசி முடித்துவிட்டால் பாதி விஷயம்தான் முடிந்தது. மீதிப் பாதி, ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 17-ல் வல்லம் வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பை முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கக்கூடிய இடம் அது. ஆனால் எல்லோருக்கும் அப்படி வளாகத்துக்குள் இடம் கிடைப்பதில்லை. ஊருக்குள் வீடு எடுத்துத் தங்குபவர்கள், பஸ் இறக்கிவிடும் இடத்தில் இருந்து தெரு வழியாக நடந்துதான் போக வேண்டும். அது நள்ளிரவாக இருக்கலாம், விடியற்காலையாக இருக்கலாம்.

நாய்கள் கூட்டமாகச் சேர்வது ஏன்? உணவுதான் காரணம். ஆள் பெருகிய அளவுக்குக் குப்பை அள்ளும் வசதி பெருகவில்லை என்றால், மெஸ், டிபன் கடை, இறைச்சிக் கடைக் கழிவுகள் திறந்த வெளியில் கிடக்கும். சாப்பாடு இருக்கும் இடத்தில் நாய் இருக்கும், குட்டி போடும், எல்லை பிரித்துக்கொண்டு அந்நியரைப் பார்த்துக் குரைக்கும். ஒரு தெரு நாய்க்கு, வாரம் ஒரு தடவை மாறும் ஹாஸ்டல்வாசிகள் எல்லோரும் அந்நியர்கள்தான்.

2023-ல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, ரேபிஸ் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஒரு பகுதியில் குறைந்தது 70 சதவீத நாய்களுக்குச் செய்தால்தான் பலன் தெரியும். பத்தில் மூன்றுக்குச் செய்து நிறுத்தினால் செலவுதான் மிச்சம்.

இதில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுகளும் சேர்ந்துகொண்டன.

• 2025 ஆகஸ்ட் 11: டெல்லி பகுதியின் எல்லா தெருநாய்களையும் காப்பகத்துக்கு மாற்ற உத்தரவு.

• ஆகஸ்ட் 22: அது மாற்றப்பட்டது. கருத்தடை, தடுப்பூசி முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம். ரேபிஸ் தாக்கிய நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் உணவு வைக்காமல், அதற்கென ஒதுக்கிய இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். வழக்கு எல்லா மாநிலங்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

• நவம்பர் 7: பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் இருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும், திரும்ப அங்கேயே விடக் கூடாது. நெடுஞ்சாலைகளில் திரியும் மாடு உள்ளிட்ட விலங்குகளையும் அகற்ற வேண்டும்.

கடைசி உத்தரவில் உள்ள இடங்களைக் கவனியுங்கள். பேருந்து நிலையம் இருக்கிறது, நெடுஞ்சாலை இருக்கிறது. தொழிற்சாலை வாசலும் ஷிப்ட் பஸ் நிறுத்தமும் தொழிலாளர் ஹாஸ்டலும் இல்லை. அதாவது, இந்தப் பகுதியில் அதிகம் பேர் இரவில் நடக்கும் இடங்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. அங்கே வேலை செய்ய வேண்டியது 2023 விதிகள்தான். அதைச் செய்ய ஊராட்சிக்குப் பணமும், கருத்தடை மையமும், நாய் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் சிப்காட்டும் ஊராட்சியும் கை கோத்தால் நடக்கக்கூடிய காரியம் இது.

கடித்துவிட்டால்?

தமிழகத்தில் 2024-ல் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடி சம்பவங்கள் பதிவாகின. 43 பேர் ரேபிஸால் இறந்தார்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் நேரத்துக்கு ஊசி போட்டால் முழுமையாகத் தடுத்துவிடலாம்.

• கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.

• உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். அதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

• தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், அதில் இருந்து 3-வது நாள், 7-வது நாள், 28-வது நாள் என்று மொத்தம் 4 தவணை.

• வீட்டு நாய்தானே, குட்டி நாய்தானே, லேசான கீறல்தானே என்று விடாதீர்கள். தடுப்பூசி போடாத குட்டி மூலமாகவும் ரேபிஸ் வரும்.

ஷிப்ட் தொழிலாளர்கள் தடுமாறுவது இரண்டாவது, மூன்றாவது தவணையில்தான். லீவு கிடைக்காது, ஒரு நாள் சம்பளம் போகும், அல்லது ஒடிசாவுக்கோ பீகாருக்கோ ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். ஊசிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மீதித் தவணையை வேறு ஊர் அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம். 28-வது நாள் ஊசிக்கு இரண்டு மணி நேர அனுமதி கொடுப்பது எந்த ஆலைக்கும் பெரிய இழப்பு இல்லை. சூப்பர்வைசர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஒரு உயிர் தப்பும்.

மொத்தத்தில்...

சின்ன டெரியருக்கு இந்தப் பகுதியில் தடை இல்லை. ஆனால் வீட்டில் பகலில் ஆள் இல்லை, ஒப்பந்தத்தில் அனுமதி இல்லை, அடுத்த 12 வருடத்துக்குத் திட்டம் இல்லை என்றால், இப்போதைக்கு வாங்காமல் இருப்பதே அந்த நாய்க்குச் செய்யும் நல்லது. மூன்றும் இருக்கிறது என்றால், வாங்குவதற்கு முன் உங்கள் தெருவில் தத்தெடுக்க ஒரு குட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘பெட் ஃப்ரெண்ட்லி’ என்ற பலகையை அபார்ட்மென்ட் வாசலில் மாட்டுவது எளிது. நள்ளிரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்து இறங்கும் பெண், கையில் கல் எடுக்காமல் அறை வரைக்கும் நடந்து போக முடிந்தால்தான் அது நாய்க்கும் மனிதருக்கும் உகந்த ஊர். அதற்குத் தேவை குப்பைத் தொட்டி, கருத்தடை மையம், தெருவிளக்கு, தடுப்பூசி. இந்த நான்கும் இருக்கிறதா என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேட்க ஊராட்சியின் வாக்காளர்களுக்கு உரிமை உண்டு.